ரொமான்ஸ் வெப்டூன் படிக்கறது எப்படி, மொழிபெயர்ப்ப எடை போடறது எப்படி

ரொமான்ஸ் வெப்டூன், அதாவது ஃபோன்ல கீழ ஸ்க்ரோல் பண்ணிப் படிக்கற காதல் காமிக்ஸ், பெரும்பாலும் கொரியால இருந்து வர்றது, அத எப்படி தேர்ந்தெடுக்கறது, கொரியன் தெரியாமலே அதோட இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு நல்லா இருக்கா இல்லையான்னு எப்படி கண்டுபிடிக்கறது, தமிழ்ல வந்தா எத வச்சு பாக்கறது, இது மூணும்தான் இங்க சொல்லப்போறேன். புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கும் ஆகும், ஏற்கனவே ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஸ்க்ரோல் பண்றவங்களுக்கும் ஆகும். எனக்கு சொந்த ஊர் கடலூர், இப்ப இருக்கறது பாண்டி, இதுல பாதி விஷயம் இந்த ரெண்டு ஊர்லயும் என் கூட படிக்கறவங்க கிட்ட பேசிப் பேசி வந்ததுதான்.

என் கருத்த மொதல்லயே சொல்லிடறேன். காதல் கதைல முக்கால்வாசி விஷயம் யாரு யார என்னன்னு கூப்பிடறாங்கங்கறதுலதான் நடக்குது. கொரியன்லயும் அப்படித்தான், தமிழ்லயும் அப்படித்தான், நடுவுல இங்கிலீஷ் வர்றப்ப அவ்வளவும் 'யூ'ங்கற ஒரே வார்த்தைக்குள்ள போய் அமுங்கிடுது. அத திரும்ப வெளிய எடுத்துப் படிக்கத் தெரிஞ்சா சுமாரான மொழிபெயர்ப்புல கூட கதை உயிரோட கிடைக்கும், தெரியலன்னா ரொம்ப நல்ல கதையே 'என்னடா ஒண்ணுமே நடக்கல'ன்னு பாதில விட்டுடுவோம்.

மொதல்ல கதை எங்க இருந்து வந்ததுன்னு பாருங்க. எல்லா வெப்டூனும் கொரியால இருந்து வர்றதில்ல. லோர் ஒலிம்பஸ் நியூசிலாந்து ஆர்ட்டிஸ்ட் ரேச்சல் ஸ்மைத் இங்கிலீஷ்லயே எழுதி வரைஞ்சது, 2022ல சிறந்த வெப்காமிக்குக்கான ஐஸ்னர் விருது வாங்குச்சு, அதப் போய் மொழிபெயர்ப்பு எவ்ளோ ஸ்மூத்தா இருக்கு பாருன்னு பாராட்டினா அர்த்தமே இல்ல. கொரியன் கதைன்னா இன்னொரு விஷயமும் பாக்கணும், நேரா வெப்டூனாவே வந்ததா, இல்ல வெப் நாவலா வந்து அப்புறம் படமா வரைஞ்சதா. ராஜா ராணி டைப் ரொமான்ஸ் ஃபேண்டஸில நிறைய கதை நாவல்ல இருந்து வர்றதுதான். அதுக்கெல்லாம் முதல் எபிசோடு கடைசில பேர் போடறப்ப ஒரிஜினல் கதை ஒருத்தர், அத எபிசோடா பிரிச்சு எழுதினது ஒருத்தர், படம் ஒருத்தர்னு தனித்தனியா வரும். த ரீமேரீட் எம்ப்ரஸ் பாத்தீங்கன்னா கதை ஆல்ஃபாடார்ட், படம் சும்புல். இத ஏன் பாக்கணும்னா, ஹீரோயின் மனசுக்குள்ள ஓடறது திடீர்னு காணாமப்போய் ரெண்டு சீன் தாவிடுச்சுன்னா அது நாவல சுருக்கினவங்க வெட்டினதா இருக்கலாம், மொழிபெயர்ப்பாளர திட்டறதுல நியாயமில்ல. கதை முடிஞ்சதா, சீசன் பிரேக்ல நிக்குதான்னும் பாத்துக்கங்க, காத்திருக்கற பொறுமை இல்லாதவங்க முடிஞ்ச கதையில ஆரம்பிக்கறதுதான் நல்லது.

அப்புறம் ரொமான்ஸ் ஃபேண்டஸில மூணு ஆரம்பம் திரும்பத் திரும்ப வரும். செத்துப்போன ஹீரோயின் தன்னோட சின்ன வயசுக்கே திரும்பி வந்து எல்லாத்தையும் மறுபடி வாழறது ஒண்ணு, தான் படிச்ச நாவலுக்குள்ளயே ஒரு கேரக்டரோட உடம்புல போய் கண்ணு முழிக்கறது ஒண்ணு, புதுசா குழந்தையா பொறக்கறது ஒண்ணு. கொரியன்ல இது மூணோட முதல் எழுத்தையும் சேத்து ஹ்வே-பிங்-ஹ்வான்னு ஒரே வார்த்தையா சொல்லுவாங்க. இங்கிலீஷ்ல சில பேரு மூணுக்குமே ரீஇன்கார்னேஷன்னு போட்டுடறதால படிக்கறவங்களுக்கு தலை சுத்துது, நமக்கு அந்த கஷ்டமே வேண்டாம், ரெண்டாவது டைப்புக்கு கூடு விட்டு கூடு பாயறதுன்னு பேரே இருக்கு, விக்ரமாதித்தன் கதை கேட்டவங்களுக்கு தனியா விளக்க வேண்டியதில்ல, மூணாவதுதான் மறுபிறவி. எந்த டைப்புன்னு ஆரம்பத்துலயே புரிஞ்சுக்கங்க, ஏன்னா உடம்பு மாறின கதைல அந்த ஹீரோயினுக்கு அரண்மனை மரியாதை பாஷை பழக்கமில்லாம தடுமாறும், அந்த தடுமாற்றம்தான் பாதி காமெடி பாதி காதல், மொழிபெயர்ப்புல அது தெரியுதான்னு பாத்தாலே தரம் புரிஞ்சிடும்.

இப்ப முக்கியமான வேலை. திருப்பாப்புலியூர்ல எங்க சித்தி இருக்காங்க, மாத நாவல் ரொம்ப வருஷமா விடாம படிக்கறவங்க, ஊருக்குப் போறப்பல்லாம் நான் படிக்கற வெப்டூன அவங்களுக்கு தமிழ்ல கதையா சொல்லுவேன். ஃபோன்ல படத்த காட்டறதுக்கு முன்னாடியே அவங்க கேக்கற கேள்வி, 'அவ அவன என்னன்னுடி கூப்பிடறா?' அதுக்கு பதில் தெரியாம கதைய மேல சொல்லவே விடமாட்டாங்க. ஏன்னா தமிழ்ல சொல்றப்ப வாங்கன்னு சொல்லணுமா வாடான்னு சொல்லணுமான்னு முடிவு பண்ணாம ஒரு வரி கூட நகராது. இந்தக் கேள்விய நீங்க முதல் மூணு எபிசோடு முழுக்க கேட்டுட்டே படிங்க. ஒரு நோட்டுலயோ ஃபோன் நோட்ஸ்லயோ ரெண்டு பேரு பேர எழுதி, இவ அவன நீங்கன்னு சொல்லுவா, அவன் இவள நீன்னு சொல்லுவான், இல்ல ரெண்டு பேருமே நீங்கன்னு நீங்களே ஒரு முடிவு எடுத்து எழுதிடுங்க. அப்புறம் எந்த எபிசோடுல அது மாறுதுன்னு தேதி மாதிரி குறிச்சு வைங்க.

எத வச்சு முடிவு பண்றதுன்னு கேப்பீங்க. கொரியன்ல வயசு, பதவி, பழக்கம் மூணும்தான் பேச்ச தீர்மானிக்குது. மரியாதையா பேசறதுக்கு ஜொந்தேமால், நீ வா போன்னு பேசறதுக்கு பன்மால். ஆபீஸ் கதைல பேர விட பதவிதான் கூப்பிடற பேரு, டீம் லீடர்னா டீம்ஜாங்-நிம், அந்த 'நிம்' மரியாதைக்கு ஒட்டறது. இங்கிலீஷ்ல அது மிஸ்டர் லீன்னு வரும், சில சமயம் வெறும் பேரா வரும். வெறும் பேரா வந்தா நம்பாதீங்க. புதுசா வேலைக்கு சேர்ந்த பொண்ணு டைரக்டர பேர் சொல்லி கூப்பிடறது அங்கயும் நடக்காது, இங்க நம்ம நேரு வீதி கடைலயும் நடக்காது. அந்த இடத்துல மனசுக்குள்ள 'சார்'னு போட்டுக்கங்க, கதை உடனே இடத்துல உக்காரும். காலேஜ் கதைல வர்ற சன்பே நமக்கு ரொம்ப சுலபம், அது அப்படியே நம்ம 'சீனியர்'. காலேஜ்ல 'சீனியர், ஒரு நிமிஷம்'னு கூப்பிட்டவங்களுக்கு அதுல எவ்ளோ மரியாதை எவ்ளோ ஆசை கலந்து வரலாம்னு தெரியும். இங்கிலீஷ் மொழிபெயர்ப்புல பல இடத்துல அத தூக்கிட்டு பேரப் போட்டுடறாங்க, அதனால ரெண்டு பேரும் ஏதோ ஒரே கிளாஸ் பிரண்ட்ஸ் மாதிரி ஆயிடுது, எனக்கு இது ரொம்ப வருத்தமான விஷயம்.

மரியாதைல இருந்து நெருக்கத்துக்கு மாறுற இடம்தான் ரொமான்ஸ்ல உச்சம். கொரியன்ல ஒருத்தர் இன்னொருத்தர் கிட்ட 'பேச்ச எறக்கிக்கலாமா'ன்னு அனுமதி கேப்பாங்க. இங்கிலீஷ்ல இது 'கேஷுவலா பேசலாமா'ன்னு வரும், அதுவரைக்கும் இங்கிலீஷ்ல ரெண்டு பேரும் கேஷுவலாத்தானே பேசிட்டு இருந்தாங்க, அதனால அந்த வரி அந்தரத்துல நிக்கும். தமிழ்ல படிச்சுப் பாருங்க: 'வா போன்னே பேசலாமா?' இத ஒரு பையன் ஒரு பொண்ணு கிட்ட கேட்டா அதுக்கு என்ன அர்த்தம்னு இங்க ஒருத்தருக்கும் விளக்க வேண்டியதில்ல. அதே மாதிரி ராஜா கதைல 'என்ன பேர் சொல்லி கூப்பிடு'ன்னு அவன் அவ கிட்ட கேப்பான். இங்கிலீஷ்ல படிக்கறப்ப சின்ன விஷயமா தெரியும். இத நான் சித்தி கிட்ட சொன்னப்ப அவங்க கதைய நிறுத்தச் சொல்லிட்டாங்க, 'புருஷன் பேரயா சொல்லச் சொல்றான்'னு கேட்டாங்க, எங்க பாட்டி கடைசி வரைக்கும் தாத்தா பேர வாயால சொன்னதில்ல, அதனால அந்த சீனோட கனம் அவங்களுக்கு என்னைவிட நல்லாவே புரிஞ்சுது.

நல்ல இங்கிலீஷ் மொழிபெயர்ப்பாளர் இத எல்லாம் வேற வழில காட்டுவாங்க, அத கவனிக்கக் கத்துக்கங்க. மரியாதையா பேசறப்ப ஐ டூ நாட்னு நீட்டி எழுதுவாங்க, நெருங்கினதும் டோன்ட்னு சுருக்குவாங்க. யெஸ் சார் எப்பவோ யா ஆயிடும். மிஸ்ங்கற வார்த்தை காணாமப் போகும். ஒரே ஆள் ரெண்டு பேர் கிட்ட ரெண்டு விதமா பேசறது தெரிஞ்சா அது உழைச்சு செஞ்ச மொழிபெயர்ப்பு. டியூக்கும் பேசறான், சமையல்காரம்மாவும் பேசறாங்க, ரெண்டு பேர் பேச்சும் ஒரே மாதிரி இருக்குன்னா அங்க யாரும் காது குடுத்து கேக்கலன்னு அர்த்தம்.

பாண்டில இருக்கறவங்களுக்கு இன்னொரு வசதி இருக்கு, இத நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருக்கேன். வெப்டூன் ஆப்ல மொழிய பிரெஞ்சுக்கு மாத்திப் படிக்கலாம். ஸ்கூல்ல செகண்ட் லாங்குவேஜா பிரெஞ்சு எடுத்தவங்க இங்க எத்தன பேரு, அலியான்ஸ் பிரான்சேஸ்ல கிளாஸ் போறவங்க எத்தன பேரு, வீட்டுலயே பிரெஞ்சு பேசற குடும்பம் கூட இருக்கு. பிரெஞ்சுல 'நீங்க'ளுக்கு வூ, 'நீ'க்கு தூ. அதனால பிரெஞ்சுல மொழிபெயர்க்கறவங்க தமிழ்ல மொழிபெயர்க்கறவங்க மாதிரியே எந்த பலூன்ல (பேச்சு எழுதற வட்டம்) வூ எந்த பலூன்ல தூன்னு முடிவு எடுத்தே ஆகணும், தப்பிக்க முடியாது. முத்தியால்பேட்டைல என் பிரண்டு ஒருத்தி இருக்கா, அவ பிரெஞ்சுல படிப்பா நான் இங்கிலீஷ்ல படிப்பேன், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல பீச் ரோட்டுல வண்டி போக்குவரத்த நிறுத்தினதும் நடந்துட்டே ரெண்டையும் ஒப்பிடுவோம். ஒரு ஒப்பந்தக் கல்யாணக் கதைல புருஷனும் பொண்டாட்டியும் வீட்டுக்குள்ளயே வூ வூன்னு பேசிட்டு இருந்து, அவளுக்கு காய்ச்சல் வந்த ராத்திரில அவன் தன்னையறியாம தூன்னு சொல்லிடறான், அடுத்த பேனல்ல, அதாவது அடுத்த படக் கட்டத்துல, அவ கண்ணு மட்டும் பெருசா வரைஞ்சிருக்கு. என்னோட இங்கிலீஷ்ல 'ஆர் யூ ஓகே'ன்னு மட்டும் இருந்துச்சு, அந்தக் கண்ணு ஏன் பெருசாச்சுன்னே எனக்கு புரியல, என் பிரண்டு சொல்லித்தான் புரிஞ்சுது. அதனால சொல்றேன், பள்ளிக்கூட பிரெஞ்சுதானேன்னு தயங்காதீங்க, பலூன்ல ரெண்டு மூணு வரிதான் இருக்கும், படமும் கூடவே சொல்லிக்குடுக்குது.

பிரெஞ்சு தெரியாதவங்களுக்கு படமே துணை. பேச்சுல ஒண்ணுமில்லாம ஒரு ஆள் திடுக்குன்னு திரும்பினா, காது சிவந்தா, ஒரு வெறும் பேனல் நீளமா வந்தா, அங்க ஒரிஜினல்ல கூப்பிடற முறை மாறியிருக்கலாம்னு சந்தேகப்படுங்க. வெப்டூன் கீழ்நோக்கி ஸ்க்ரோல் பண்ற மாதிரி வரையறதால ரெண்டு பேனலுக்கு நடுவுல விடற வெத்து இடம்தான் நேரம், கொஞ்சம் இடம்னா ஒரு மூச்சு, ரொம்ப நீளம்னா ஒரு ராத்திரியே போகும், வேகமா தள்ளிட்டுப் போனா அது எல்லாம் வீணாகுது. நான் கடலூர் பஸ்ல போறப்ப ஆக்‌ஷன் கதைதான் படிப்பேன், ரொமான்ஸ வீட்டுக்கு வந்து உக்காந்துதான் படிப்பேன், ரெட்டிச்சாவடி கிட்ட பஸ் குலுங்கறப்ப விரல் தானா தள்ளிடும்.

ஓப்பா விஷயத்துக்கு தனியா ஒரு பாரா வேணும். பொண்ணு அண்ணனயும் ஓப்பான்னுதான் கூப்பிடுவா, தன்னவிட பெரிய காதலனையும் ஓப்பான்னுதான் கூப்பிடுவா. தமிழ்ல அண்ணான்னு போட்டா கதையே கெட்டுப்போச்சு, அண்ணான்னு கூப்பிட்டுட்டா இங்க அதோட முடிஞ்சுது. மாமான்னு போடலாம்னு நிறைய பேரு சொல்லுவாங்க, நம்ம பக்கத்துல அது இனிப்பான வார்த்தைதான், எனக்கும் பிடிக்கும், ஆனா மாமான்னதும் முறைப்பையன்ங்கற உறவு கூடவே வந்துடுது. கொரியால ரத்த சொந்தத்துல எட்டாம் படி வரைக்கும் சட்டப்படியே கல்யாணம் பண்ணக் கூடாது, அத்தை பையன கட்டிக்கறதுங்கறது அவங்களுக்கு நினைச்சே பாக்க முடியாத ஒண்ணு. அதனால ஓப்பாவ ஓப்பான்னே விடறதுதான் சரின்னு நான் நினைக்கறேன், கொரியன் நாடகம் பாத்து எல்லாருக்கும் பழகின வார்த்தைதான். இங்கிலீஷ்ல அத பேரா மாத்தியிருந்தா, முதல் தடவ அவ ஓப்பான்னு சொல்ற இடம் எதுவா இருக்கும்னு தேடுங்க, வழக்கமா அவன் சிரிப்ப அடக்க முடியாம மூஞ்சிய திருப்பிக்கற பேனல்ல இருக்கும்.

இதுக்கு பக்கத்துலயே வர்றது காதல் சொல்ற வரி. கொரியன்ல முதல்ல சொல்றது பெரும்பாலும் ஜோவாஹே, அப்படின்னா பிடிச்சிருக்கு. சாராங்ஹேங்கற கனமான வார்த்தை பின்னாடிதான் வரும், சில கதைல கடைசி எபிசோடுலதான் வரும். ஐ லைக் யூன்னு இங்கிலீஷ்ல படிச்சா என்னடா இது, இதுக்கா இவ்ளோ எபிசோடுன்னு தோணும், அதுக்கு பயந்து சில பேரு லவ்னு ஏத்திடறாங்க, ஏத்தினா பின்னாடி வர்ற சாராங்ஹேக்கு போட வார்த்தை இல்லாமப் போகுது. தமிழ்ல 'எனக்கு உன்ன பிடிச்சிருக்கு' அச்சா அதே எடை. பொண்ணு பாக்க வந்த வீட்டுலயே பிடிச்சிருக்குன்னு ஒரு வார்த்த சொன்னா அடுத்து பத்திரிகைதானே. தமிழ்ல மொழிபெயர்க்கறவங்க யாராவது இந்த இடத்துல 'நான் உன்னைக் காதலிக்கிறேன்'னு எழுதியிருந்தா அங்கயே ஒரு குறை சொல்லலாம், அப்படி வாயத் திறந்து இங்க யாரும் சொல்றதில்ல.

சத்தம் எழுதற எழுத்தயும் விட்டுடாதீங்க. கொரியன்ல இதயம் தூகுன் தூகுன்னு அடிக்கும், மின்னறது பன்ச்சாக் பன்ச்சாக். ரெண்டு ரெண்டா வர்ற இந்த மாதிரி வார்த்தை அவங்க மொழில கொட்டிக் கெடக்கு, இங்கிலீஷ்ல தம்ப், ஸ்பார்க்கிள்னு வத்திப்போய் வரும். நமக்கு ஸ்கூல்லயே இரட்டைக்கிளவின்னு சொல்லிக்குடுத்தது இதுக்குத்தான் உதவும்: படபட, திக்திக், குறுகுறு, மினுமினு, கிசுகிசு. தம்ப்னு பாத்ததும் இது பயத்துல அடிக்கற திக்திக்கா, ஆசைல அடிக்கற படபடவான்னு நீங்களே முடிவு பண்ணிப் பாருங்க, ஒரு வாரம் இப்படி படிச்சா அப்புறம் பழக்கமாயிடும்.

பட்டங்கள் பத்தி சுருக்கமா. பேரரசர், பட்டத்து இளவரசர், கிராண்ட் டியூக், டியூக், அப்புறம்தான் மத்தவங்க. பேரரசருக்கு யுவர் மெஜஸ்டி, இளவரசருக்கு யுவர் ஹைனஸ், டியூக்குக்கு யுவர் கிரேஸ். ஒரே ஆளுக்கு ஒரு எபிசோடுல ஹைனஸ் அடுத்ததுல மெஜஸ்டின்னு வந்தா கவனக்குறைவு, அதே சமயம் கதைக்குள்ள ஒருத்தன் வேணும்னே குறைச்சு கூப்பிட்டா அது அவமானப்படுத்தறது, ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

பணமும் வயசும் கூட இடிக்கும். கொரியன்ல பத்தாயிரம் ஒரு மான், பத்து கோடி ஒரு ஒக், அதனால இங்கிலீஷ்ல நூறு மில்லியன் வோன்னு வந்தா நமக்கு அது பத்து கோடி வோன், தோராயமா 60 லட்சம் ரூபாய், ஹீரோவோட அம்மா மேஜைல தள்ளற கவர்ல என்ன இருக்குன்னு இப்ப புரியும். வயசுக்கு கொரியால முன்னாடி பொறந்த உடனே ஒண்ணுன்னு எண்ணுவாங்க, புது வருஷம் பொறந்தா எல்லாருக்கும் இன்னொண்ணு கூட்டுவாங்க, 2023 ஜூன்லதான் சட்டப்படி உலக வழக்கத்துக்கு மாறினாங்க, அதனால பழைய கதைல ஒரு பொண்ணுக்கு 20ன்னு போட்டிருந்தா நம்ம கணக்குல 18ஓ 19ஓதான்.

இப்ப மெஷின் மொழிபெயர்ப்ப எப்படி பிடிக்கறது. கொரியன்ல வாக்கியத்துல ஆள சொல்லாமலே விட்டுடலாம், வினைச்சொல்ல வச்சு ஆணா பொண்ணான்னும் தெரியாது. அதனால மெஷின் ஊகிச்சு போடும், ஒரே பலூன்ல ஹீரோயின் ஹீ ஆவா, அவ அப்பா ஷீ ஆவார். வாடி வான்னு சொன்னது மூணாவது ஆள பத்தி பேசற மாதிரி ஆயிடும். அடுத்த அடையாளம் பேரு, ஒரு எபிசோடுல ஒரு ஸ்பெல்லிங் அடுத்ததுல வேற. மூணாவது, பழமொழி மாதிரி ஏதாவது வந்தா அங்க சம்பந்தமே இல்லாம ஒரு சாப்பாட்டு பேரோ மிருகம் பேரோ நிக்கும். இது மூணுல ரெண்டு இருந்தா அத விட்டுட்டு வந்துடுங்க. இந்த மாதிரி வர்றது பெரும்பாலும் திருட்டு சைட்டுலதான், அதுக்கு நான் ஒத்துக்கவே மாட்டேன். பைசா இல்லன்னா கூட வழி இருக்கு, கொரியால ககாவோபேஜ்ங்கற நாவல், வெப்டூன் ஆப்ல 2014ல காத்திருந்தா இலவசம்னு ஒரு முறைய கொண்டு வந்தாங்க, அதே முறை இங்கிலீஷ் ஆப்லயும் வந்துடுச்சு, வெப்டூன் ஆப்ல முடிஞ்ச கதைய டெய்லி பாஸ்ல தினம் படிக்கலாம். வாரத்துக்கு ஒரு எபிசோடு, கலர்ல, அத்தன பேனல் வரைஞ்சு கை நரம்பு போய் பிரேக் எடுக்கற ஆர்ட்டிஸ்ட் இருக்காங்க, அவங்க உழைப்பு அவங்களுக்கு போகணும்.

பழைய ரசிகர் மொழிபெயர்ப்ப பத்தி என் கருத்து கொஞ்சம் வேற. அவங்கள்ல சில பேரு ஓப்பா, சன்பே எல்லாத்தையும் அப்படியே விட்டு ஓரத்துல குறிப்பு எழுதினாங்க, அந்த அக்கறை அதிகாரபூர்வ மொழிபெயர்ப்புல நிறைய இடத்துல இல்ல. பேரு வைக்கறதுலயும் வித்தியாசம் தெரியும், இங்கிலீஷ்ல யுவர் த்ரோன்னு வர்ற கதையோட கொரியன் தலைப்புக்கு 'ஒரு நாளாவது நீயா இருக்கணும்'னு அர்த்தம், ரெண்டு பொண்ணுங்களோட ஏக்கம் முழுக்க அந்த தலைப்புலயே இருக்கு, புது தலைப்புல அரியணை மட்டும்தான் இருக்கு. இருந்தாலும் அனுமதியில்லாம போடறத நான் படிக்கச் சொல்ல மாட்டேன், அந்த அக்கறைய கம்பெனிங்க கத்துக்கணும்னுதான் சொல்லுவேன். பல ஆப்ல மொழிபெயர்ப்பாளர் பேரே போடறதில்ல, அத மொதல்ல போடட்டும்.

தமிழ்ல வர்றத எப்படி பாக்கறதுன்னா, சத்தமா வாய்விட்டு படிங்க. வேற வழியே தேவையில்ல. ரெண்டு பேரு ஆளுக்கு ஒரு கேரக்டர் எடுத்துக்கிட்டு படிச்சா இன்னும் நல்லது. மூச்சு முட்டுதா, வாய் தடுக்குதா, அங்க இங்கிலீஷ் உள்ள இருக்கு. தமிழ் எழுத்து அகலம் ஜாஸ்தி, கொரியன் பலூன் சின்னது, அதனால நல்ல மொழிபெயர்ப்பாளர் வெட்டத் தெரிஞ்சவங்களா இருக்கணும். 'நீ என்னிடம் ஏன் இப்படி நடந்துகொள்கிறாய்' பலூன்ல அடங்காது, 'ஏன் இப்படி பண்ற' அடங்கும், உண்மையாவும் இருக்கும். அதுக்காக ராஜா கதைலயும் இன்னாபா கதைலயும் ஒரே தமிழ் போடக் கூடாது, அரண்மனைல 'தங்கள் சித்தம்'னு வந்தா அழகுதான், ஆனா அவங்க ரெண்டு பேரும் தனியா இருக்கறப்ப அது கழண்டு விழணும். தமிழ்ல பலூனுக்கு எழுதறது புதுசு கிடையாது, சிவகாசி முத்து காமிக்ஸ் 1972ல இரும்புக்கை மாயாவில ஆரம்பிச்சது, வெளிநாட்டு காமிக்ஸ தமிழ்ல பேச வச்சு அம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. நம்ம சண்டே மார்க்கெட்ல பழைய இதழ் கெடச்சா வாங்கி, ஒரு பலூன்ல எத்தன வார்த்தை இருக்கு, எங்க வரிய உடைச்சிருக்காங்கன்னு பாருங்க. ரொமான்ஸுக்கு அந்த மாதிரி அனுபவமுள்ள கை இன்னும் கெடைக்கல, கெடைக்கணும்னு எனக்கு ரொம்ப ஆசை.

கதைல வர்ற ஆணப் பத்தியும் சொல்லணும். துரத்தி அடைச்சு வைக்கறவன ஹீரோவா வைக்கற கதைங்களுக்கு ஜிப்ச்சாக்னு தனி அடையாளமே இருக்கு, இங்கிலீஷ் டேக்ல அப்செஷன்னு வரும். எனக்கு அது பிடிக்காது, கைய முறுக்கி பிடிக்கறத காதல்னு ஏத்துக்க முடியல, அந்த டேக் இருந்தா தாண்டிப் போயிடுவேன். படிக்கறவங்க வயசு ரேட்டிங்க பாத்துக்கங்க, தம்பி தங்கச்சி கைல போற ஃபோனா இருந்தா இன்னும் கவனம். ஹீரோ முரட்டுத்தனமா தெரிஞ்சா உடனே ஒரிஜினலே அப்படித்தான்னு முடிவு பண்ணிடாதீங்க, மரியாதையா கேட்ட ஒரு கேள்வி இங்கிலீஷ்ல அதட்டலா மாறியிருக்கலாம், அவன் மூஞ்சியும் கையும் என்ன சொல்லுதுன்னு ஒரு தடவ பாத்துட்டு திட்டுங்க.

கடைசியா, பிரண்டுக்கு ஒரு கதைய சிபாரிசு பண்றப்ப கதை, படம், மொழிபெயர்ப்பு மூணையும் தனித்தனியா சொல்லுங்க. மொத்தமா மொக்கைன்னு சொன்னா யாருக்கும் பிரயோஜனமில்ல. 'கதை நல்லாருக்கு, முப்பதாவது எபிசோடு வரைக்கும் மெதுவா போகும், இங்கிலீஷ்ல சாருக்கு பதிலா பேரு போட்டிருக்காங்க அத நீயே மாத்தி படிச்சுக்க'ன்னு சொன்னா அவங்க தப்பிச்சாங்க. மொழிபெயர்ப்புல தப்பு கண்டா எபிசோடு நம்பர், எத்தனாவது பலூன், யார் யார்கிட்ட பேசறது, என்ன இருந்திருக்கணும், இது நாலையும் எழுதி ஆப்ல இருக்கற ஹெல்ப் வழியா அனுப்புங்க, ஆள திட்டாம எழுதுங்க. கூடவே தமிழ்ல வேணும்னு ஒரு வரி சேத்து போடுங்க, ஒவ்வொரு தடவையும் போடுங்க.